விழாத குவெரிக்கு நட்சத்திரம் இல்லை

பேருந்து முன்பதிவு நிறுவனம் ஒன்றின் நான்காம் மாடியில் எட்டு வருஷமாக ஒருவர் வேலை பார்த்தார். வேலை பார்த்தார் என்பதற்கு ஆதாரம் கேட்டால் சங்கடம். அவர் எழுதிய எதுவும் ஒரு நாளும் உடைந்ததில்லை, நின்றதில்லை, யாரையும் அலற வைத்ததில்லை. அதனால் அவர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் அவருக்கு 'அமைதி' என்று பட்டப்பேர் வைத்திருந்தார்கள். பாராட்டி வைத்த பேர் என்று நினைத்துவிட வேண்டாம்.

அவருடைய வேலை குவெரி எழுதுவது. நாளைக் காலை வண்டியில் ஜன்னலோரம் இடம் இருக்கிறதா என்று நீங்கள் ஃபோனைத் தட்டிப் பார்க்கிறீர்கள் அல்லவா? அந்தக் கேள்வியைச் செயலி எடுத்துக்கொண்டு போய், எல்லாப் பதிவுகளும் சேர்ந்திருக்கிற டேட்டாபேஸிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் கேள்விக்குப் பேர்தான் குவெரி. கேட்கிற விதத்தில்தான் சங்கதி இருக்கிறது. நாற்பது சாமான் வாங்க வேண்டுமென்றால் சீட்டில் எழுதிக்கொண்டு ஒரே நடையில் கடைக்குப் போய் வரலாம். சாமானுக்கு ஒரு நடையாக நாற்பது நடையும் போகலாம். அமைதி சீட்டு எழுதுகிற ரகம்.

நாற்பது நடை ரகம் அவருடைய சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஆறு வருஷத்துக்கு முன்பு இந்த நிறுவனத்தில் அவருக்கு வேலைக்குச் சிபாரிசு செய்ததே அமைதிதான். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே கவனக்குறைவான காரியம் அது. சகலை நல்ல மனிதர், கலகலப்பானவர், தாராளமானவர். குவெரியிலும் அதே தாராளம். ஒரு பயணியின் பெயர் வேண்டுமென்றால் ஊரில் உள்ள அத்தனை பயணிகளின் முழு ஜாதகத்தையும் இழுத்து வந்து, அதில் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு மற்றதைக் கீழே போட்டுவிடுவார். மாதத்துக்கு ஒரு தடவையாவது அவர் எழுதியது எதையாவது சாய்த்துவிடும். சாய்ந்ததும் அவரே ஓடி வந்து நிமிர்த்துவார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைச் சம்பளத்தோடு செய்துகொண்டிருந்தார்.

இதற்காக அவரைக் கண்டித்தார்களா என்றால், அங்கேதான் நிறுவனம் உயர்ந்து நிற்கிறது. நிறுவனத்தில் மீட்பு மன்றம் என்று ஒன்று இருந்தது. சின்னச் சாய்வெல்லாம் கணக்கில் சேராது, முன்பதிவே நின்றுபோகிற அளவு நெருக்கடி வந்தால்தான் மணி அடிக்கும். ஏழாம் மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த சிவப்பு அறை திறக்கும். மீட்பு வீரர்கள் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். மற்றவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்க வேண்டும். சரியானதும் வீரருக்குக் கைதட்டல், மன்றத் தலைவர் கையால் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தை வாசல் பக்கப் பலகையில் பேருக்கு நேரே ஒட்டுவார்கள். பத்து நட்சத்திரம் சேர்ந்தவர் தலைமைப் பொறியாளர் ஆகலாம். பழைய தலைமைப் பொறியாளர் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

சகலைக்கு ஒன்பது நட்சத்திரம். அமைதியின் பேருக்கு நேரே பலகை சுத்தமாக இருந்தது. துடைப்பவர் அந்த இடத்தை மட்டும் துடைக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டிருந்தார்.

அந்த ஒன்பதில் எட்டாவது நட்சத்திரம் கிடைத்த கதையைச் சொல்லாமல் போனால் பாவம். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு பயணியின் இருக்கையை மாற்றப் போன சகலை, எந்தப் பயணி என்று சொல்லும் கடைசி வரியை எழுத மறந்துவிட்டார். டேட்டாபேஸ் சொன்ன சொல்லைத் தட்டாது. அன்றைக்குப் பயணம் போக இருந்த ஆறாயிரம் பேருக்கும் ஏழாம் எண் இருக்கை கிடைத்தது. எல்லாருக்கும் ஜன்னலோரம் என்ற வகையில் அதில் ஒரு சமத்துவம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று மணி நேரம் போராடி முந்தின நாள் நகலை எடுத்து வைத்துச் சகலை சரிசெய்தார். பாராட்டுக் கூட்டத்தில் மன்றத் தலைவர் பேசினார்.

"ஆறாயிரம் பேர் ஒரே சீட்டுல உட்கார வேண்டிய நெருக்கடி. தனி ஆளா நின்னு தீர்த்து வெச்சார். இந்த நெருக்கடி எங்கேர்ந்து வந்துச்சுன்னு சிலர் கேக்கறாங்க. வெள்ளம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு படகுக்காரன்கிட்ட யாராவது கேப்பாங்களா? நம்ம மன்றம் அந்த மாதிரி சின்னத்தனமான கேள்வி எல்லாம் கேக்காது. அதுதான் நம்ம பண்பாடு."

எல்லாரும் கைதட்டினார்கள். அமைதியும் தட்டினார். தட்டிவிட்டு நான்காம் மாடிக்கு இறங்கி வந்து, நிபந்தனை இல்லாமல் யாராவது எதையாவது மாற்றப் போனால் மறுத்துவிடும்படி ஒரு தடுப்பை எழுதி வைத்தார். "நிபந்தனை இல்லாத மாற்றம் ஏற்கப்படாது. தயவுசெய்து ஒருமுறை யோசிக்கவும்" என்று ஒரு செய்தியும் சேர்த்தார். 'தயவுசெய்து' என்று போட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. யாரிடமும் சொல்லவில்லை. இப்படி எட்டு வருஷத்தில் அவர் சொல்லாமல் வைத்த தடுப்புகள் எத்தனை என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

குடத்துக்குள் இட்ட விளக்காக இருப்பதில் அவருக்கு வருத்தம் இல்லை என்று நினைப்பவர்கள் அவர் வீட்டு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததில்லை. சகலையும் மச்சினியும் வருவார்கள். மச்சினி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் ஆரம்பித்துவிடுவாள்.

"அக்கா, இவருக்கு ஒன்பதாவது ஸ்டார். தலைவரே கட்டிப்பிடிச்சுட்டாராம். அத்தான் அன்னிக்கு லீவா? போட்டோல அத்தானைக் காணோமே?"

"இல்லையே, நின்னுட்டுத்தான் இருந்தேன்" என்பார் அமைதி.

"தூணுக்குப் பின்னாடி நின்னிருப்பீங்க, சகலை" என்று சகலை பரிவோடு சொல்வார். அந்தப் பரிவைத்தான் அமைதியால் தாங்க முடியாது. திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

அவர்கள் போன பிறகு மனைவி பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே கேட்பாள்: "ஏங்க, ஒண்ணாவது குடுக்கக் கூடாதா உங்களுக்கு? அவ கிட்ட நான் எவ்வளவு நாள்தான் சிரிச்சுட்டே இருக்கறது?"

பொறாமைதான். வேறு நல்ல பேர் வைத்து மூடி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. சகலையின் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தால் பொறாமை, அவர் கலைந்த தலையோடு சிவப்பு அறையிலிருந்து வெளியே வருகிற தினுசைப் பார்த்தால் பொறாமை. தன் குவெரி நாற்பது மில்லி வினாடியில் சத்தமில்லாமல் வேலையை முடித்துத் திரும்பும்போது, அதைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது.

வருஷாந்தர மதிப்பீடு வந்தது. மதிப்பீட்டு அதிகாரி கண்டிப்பான அம்மா. படிவத்தைப் புரட்டினார்.

"இந்த வருஷம் நீங்க மீட்ட பேரிடர்கள், குறைஞ்சது மூணு. நீங்க 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"என் பக்கம் எதுவும் விழலைங்க, மேடம்."

"அதைத்தான் கேக்கறேன். ஏன் விழல?"

"விழாத மாதிரி எழுதினேன்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். குரலில் நிஜமான கவலை இருந்தது. "நடக்காததை எந்தக் கட்டத்துல சார் எழுதறது? உங்க சகலையைப் பாருங்க, எவ்வளவு கட்டம் நிரப்பியிருக்கார். முயற்சி வேணும் சார். முயற்சி பண்ணினா உங்களாலயும் விழ வைக்க... அதாவது, மீட்க முடியும்."

அன்று நான்காம் மாடிக்கு இறங்கும்போது அமைதி முயற்சி செய்வது என்று முடிவு செய்துவிட்டார். பெரிதாக ஒன்றும் வேண்டாம். பத்து நிமிஷம் முன்பதிவு நிற்க வேண்டும், மணி அடிக்க வேண்டும், தான் ஓடிப் போய்ச் சரிசெய்ய வேண்டும். ஒரே ஒரு நட்சத்திரம். மனைவி தங்கையிடம் சொல்ல ஒரு வாக்கியம்.

முதல் நாள் அவர் சகலையைப் போலவே நாற்பது நடை போகிற குவெரி ஒன்றை எழுதினார். கை கூசியது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார். ஒன்றும் ஆகவில்லை. ஆராய்ந்து பார்த்தால், இப்படி யாராவது நாற்பது தடவை கேட்டால் எல்லாவற்றையும் ஒரே சீட்டாகச் சேர்த்துக் கேட்கும்படி நாலு வருஷத்துக்கு முன்பு யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தார். அந்தப் புண்ணியவான் அமைதிதான்.

மறுநாள் நிபந்தனை எழுதாமல் இருக்கை மாற்றிப் பார்த்தார். "தயவுசெய்து ஒருமுறை யோசிக்கவும்" என்று திரையில் வந்தது. தன் எழுத்தே தனக்குப் புத்தி சொல்வதைப் பார்த்து அவருக்கு முகம் சிவந்தது.

மூன்றாவது நாள் டேட்டாபேஸில் இருப்பதிலேயே பெரிய டேபிளை, கோடிக்கணக்கான பயணங்கள் பதிந்த அட்டவணையை, எடக்குமடக்காகக் கேள்வி கேட்டார். அதுவும் இமைக்கிற நேரத்தில் பதில் சொல்லிவிட்டது. அங்கே அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்ட இண்டெக்ஸ் ஒன்று இருந்தது. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று இருக்குமே, அந்த மாதிரி. அது இருக்கிறவரை யார் எப்படிக் கேட்டாலும் நேராக அந்தப் பக்கத்தைத் திறந்துவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான்.

சகலையின் குவெரிகள் மாதம் ஒரு தடவை மட்டும் விழுந்ததற்கும், தினமும் விழாததற்கும் காரணம் யார் என்று அப்போதுதான் அமைதிக்கு உறைத்தது. வேறொருவராக இருந்தால் பெருமைப்பட்டிருப்பார். இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒன்பது நட்சத்திரமும் தன் முதுகில் ஏறி நின்று பறித்தவை.

இண்டெக்ஸை எடுத்துவிட்டார்.

எடுப்பதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. போன வருஷம் மன்றம் கொண்டுவந்த விதிப்படி, புதிதாக ஒரு தடுப்பைச் சேர்க்கத்தான் பதினோரு பக்கப் படிவமும் மூன்று கையெழுத்தும் வேண்டும். எடுப்பதற்கு ஒரே ஒரு வரி போதும். திங்கட்கிழமை காலை பத்து மணி, விடுமுறை நாள் பயணத்துக்கு முன்பதிவு திறக்கிற நேரம். பத்து மணி நாலு நிமிஷத்துக்கு மணி அடித்தது.

அமைதி சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். இண்டெக்ஸைத் திரும்பப் போடும் வரியை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையில் வைத்திருந்தார். ஏழாம் மாடிக்குப் படியேறி ஓடினார். சிவப்பு அறை வாசலில் காவலாளி கையை நீட்டினார்.

"மேல்சட்டை எங்க சார்?"

"இல்லை. எனக்கு விஷயம் தெரியும். உள்ள விடுங்க."

"சட்டை இல்லாம விட முடியாது சார்."

"சரி, ஒரு சட்டை குடுங்க."

"ஸ்டார் இருக்கறவங்களுக்குத்தான் சட்டை."

"உள்ள போனாத்தானே ஸ்டார் கிடைக்கும்?"

"எனக்கும் அது ரொம்ப நாளா சந்தேகம்தான் சார்" என்றார் காவலாளி. கையை மட்டும் இறக்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே மீட்பு வீரர்கள் கம்ப்யூட்டர்களை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் பெரிய மெஷின் வாங்கினால் சரியாகுமா என்று ஒருவர் பலகையில் படம் வரைந்தார். சகலை தலைமுடியைக் கலைத்துக்கொண்டிருந்தார். அமைதி துண்டுத்தாளைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக் காட்டினார். மன்றத் தலைவர் அவரைப் பார்த்தார், யாரோ புகார் கொடுக்க வந்தவர் என்று நினைத்துத் திரையை இழுத்து மூடினார்.

நான்காம் மாடிக்கு ஓடி வந்து தானே திரும்பப் போட முயன்றார். கம்ப்யூட்டர் படிவம் கேட்டது. கையெழுத்துப் போட வேண்டிய மூன்று பேரும் சிவப்பு அறையில் இருந்தார்கள். அவசர அதிகாரம் மேல்சட்டைக்காரர்களுக்கு மட்டும்தான். பத்து நிமிஷம் என்று கணக்குப் போட்டது ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பக்கத்துப் பிரிவில் வாடிக்கையாளர் ஃபோன்கள் ஓயாமல் அடித்தன. "அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுங்க, டிக்கெட் எடுத்தாச்சா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க" என்று யாரோ கெஞ்சுவது ஒலிபெருக்கி வழியாக மாடி முழுக்கக் கேட்டது. பதில் சொல்கிற பெண் "லைன்லயே இருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அமைதி துண்டுத்தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். சகலையை ஃபோனில் கூப்பிட்டுக் கழிவறைக்கு வரச் சொன்னார். துண்டுத்தாளை அவர் கையில் திணித்தார்.

"இதை அப்படியே ஓட விடுங்க. பன்னிரண்டு நிமிஷம் எடுக்கும். நடுவுல எதையும் அணைச்சுடாதீங்க."

"சகலை, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"போங்க, முதல்ல போங்க."

பதின்மூன்றாவது நிமிஷம் மேலே கைதட்டல் கேட்டது. சகலைக்குப் பத்தாவது நட்சத்திரம். அதைத் தன் கைப்படவே எழுதிக் கொடுத்தோம் என்று நினைத்தபோது அமைதி அந்தக் கழிவறையிலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டார். ஆஸ்பத்திரிக்காரருக்கு டிக்கெட் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அதனால் வயிற்றெரிச்சல் குறையவில்லை.

மூன்றாவது நாள் விசாரணை. இண்டெக்ஸை எடுத்தது யார் என்று பதிவேட்டில் அவர் பேரே இருந்தது. ஏழாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். சாவிகளையும் அடையாள அட்டையையும் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு போனார். மன்றத் தலைவர் நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். முகத்தில் கோபத்தைக் காணோம்.

"அறிக்கையைப் படிச்சோம். நீங்க எடுத்த அந்த இண்டெக்ஸ் எட்டு வருஷமா அங்க இருந்திருக்கு. எட்டு வருஷமும் அந்த டேபிள் ஒரு தடவைகூட விழல. தெரியுமா?"

"தெரியும்."

"யோசிச்சுப் பாருங்க. எட்டு வருஷம்! எத்தனை மீட்பு நடந்திருக்கணும்! எத்தனை வீரர்கள் உருவாகியிருக்கணும்! யாரோ ஒருத்தர் சத்தமில்லாம உக்காந்து நம்ம மன்றத்தோட பயிற்சியை எல்லாம் திருடியிருக்கார். தேடச் சொன்னேன். இது மாதிரி இன்னும் நூத்தி நாப்பத்து மூணு இருக்கு. எல்லாத்துக்கும் 'மறைமுகத் தடுப்புகள்'னு பேர் வெச்சிருக்கோம். எல்லாத்துலயும் ஒரே பேர்."

"அது என் பேருங்க."

தலைவர் ஒரு கணம் யோசித்தார். பெரிய நிறுவனத்தை நடத்துகிறவர்கள் எதையும் வீணாக்குவதில்லை. "அப்ப எது எங்க இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்? அதுவும் முதல் தடுப்பைத் துணிஞ்சு எடுத்ததே நீங்கதான். வெச்சது யாருங்கறது பழங்கதை. வெள்ளம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நாங்க கேக்கறதில்ல. ஆண்டு விழாவுல அறிவிக்கப் போறேன். தலைமைப் பொறியாளர், தடுப்பு அகற்றும் பிரிவு. நட்சத்திர விதியை உங்களுக்காகத் தளர்த்தறோம்."

"அப்ப என் சகலை?"

"அவர் வீரர். வீரரை நாற்காலியில உக்கார வெச்சா யார் சார் ஓடறது?"

அமைதி வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். நூற்று நாற்பத்து மூன்று பற்றிச் சொல்லவில்லை, நாற்காலியைப் பற்றி மட்டும் சொன்னார். அவள் உடனே தங்கைக்கு ஃபோன் போட்டாள். சிரித்துப் பேசினாள், முக்கால் மணி நேரம்.

ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்தில் முதல் வரிசையில் மனைவியும் மச்சினியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஓரத்தில் சகலை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆரஞ்சுச் சட்டையில் பத்து நட்சத்திரம். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"சகலை, ஒரு நிமிஷம். அந்த லிஸ்டைப் பார்த்தேன். நான் எழுதினது எல்லாம் அதும் மேலதான் நிக்குது. இவ்வளவு நாள் நானே நிக்க வெச்சிருக்கேன்னு நெனச்சுட்டு இருந்தேன். வெக்கமா இருக்கு, விடுங்க. ஆனா அதுல கை வெக்காதீங்க. எல்லாம் போயிடும். நாலு பேர் ஊருக்குப் போக முடியாது. உங்க கால்ல வேணா விழறேன், வேணாம்னு சொல்லிடுங்க."

பொய் இல்லாத குரல். எட்டு வருஷ வேலைக்கு அமைதி கேட்ட முதல் பாராட்டு அதுதான். அதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் காதில் விழுந்திருக்கும். அவர் முதல் வரிசையைப் பார்த்தார். மச்சினி சிரிக்கவில்லை. அக்காவின் புடவை முந்தானையையும் மேடையில் போட்டிருந்த நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். அந்தக் கடியை அமைதிக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடித்த உதடு அவருடையது.

சகலையின் பக்கம் திரும்பினார். அவருடைய கலங்கிய கண்ணிலும் அதே சரக்கைத்தான் கண்டார்.

"பொறாமைப்படாதீங்க, சகலை" என்று பரிவோடு சொன்னார். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேடை ஏறினார்.

தலைவர் கட்டிப்பிடித்தார். போட்டோ எடுத்தார்கள். அவரை மறைக்க அந்த மேடையில் தூண் எதுவும் இல்லை. ஒரு தடுப்பை அகற்ற ஒரு தாள் என்று நூற்று நாற்பத்து மூன்று தாள்கள் கொண்ட கட்டை நீட்டினார்கள். முதல் வரிசை தன் முகத்தை நன்றாகப் பார்க்கும்படி சற்றுத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அமைதி ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.